ஊரைக் கூட்டியவர்

எங்கள் தெருவில் எல்லாரும் அவரை மில்லுக்காரம்மா என்றுதான் கூப்பிடுவோம். திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்கு அடுத்த காம்பவுண்டில் மாவு மில் வைத்திருந்தார்கள். மோட்டாரையும் பெல்ட்டையும் கணவர் பார்த்துக்கொள்வார். மிளகாயும் மல்லியும் கோதுமையும் தூக்கி வருகிறவர்களிடம் பேசுவது அந்த அம்மாவின் வேலை. மில் ஓடும்போது பேசிப் பழகி, மில் நின்ற பிறகும் அவர் குரல் அதே உயரத்தில் இருந்தது. எங்கள் அடுப்பங்கரையில் என் மனைவியோடு பேசினால், வாசலில் செய்தித்தாள் படிக்கும் எனக்கு ஒரு சொல் விடாமல் கேட்கும்.

குரல் மட்டுமல்ல, எதையும் உள்ளே வைத்துக்கொள்ளவும் அவருக்குத் தெரியாது. "எங்க வீட்டுக்காரருக்கு மூலம். மொளகா அரைக்கிற வீட்டுல மூலம் வந்தா மனுசன் என்னத்தத் தின்பாரு, சொல்லுங்க" என்று வரிசையில் நிற்கும் பெண்களிடம் கேட்பார். கணவர் பெல்ட்டுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொள்வார். ஒரு நாள் எங்கள் வீட்டில் கேஸ் தீர்ந்துபோனதை என் மனைவி போகிற போக்கில் அவரிடம் சொல்லிவிட்டாள். மத்தியானத்துக்குள் மூன்று வீடுகளிலிருந்து சாப்பாடு வந்தது. மற்றவர்கள் அதை அன்பு என்றார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. நான் பள்ளிக்கூட வாத்தியார், அளந்து பேசுகிறவன், வீட்டு விஷயம் வாசற்படி தாண்டக் கூடாது என்று நினைக்கிறவன். அந்த அம்மாவைப் படிக்காதவர் என்று மனதுக்குள் ஒதுக்கி வைத்திருந்தேன்.

அவர் இப்போது இல்லை. அவரைப் பற்றி எழுதும்போது என்னைப் பற்றியும் எழுதியாக வேண்டும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நடந்ததை முதலில் சொல்கிறேன். பின்தெருவில் என்னிடம் படித்த ஒருவர் குடியிருந்தார். ஜவுளிக்கடையில் வேலை. ஒரு சாயங்காலம் மூச்சு வாங்க வந்து, "சார், செத்த நேரம் வீடு வரைக்கும் வாங்க" என்றார். போனேன். கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. உள்ளே அவர் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாலாம் வகுப்புப் படிக்கும் மகன் டியூஷனுக்குக் கிளம்பிப் போனவன், அங்கே போய்ச் சேரவில்லை.

"யாருகிட்டயும் சொல்லல சார். சொன்னா ஆளாளுக்கு ஒண்ணு பேசுவாங்க. நெலக்கோட்டைப் பக்கம் மை போட்டுப் பாக்குறவரு ஒருத்தரு இருக்காராம். வெத்தலைல மையத் தடவிப் பாத்து எந்தத் தெசைல இருக்கான்னு சொல்லிருவாராம். வண்டிய எடுத்துட்டுப் போயிட்டு வந்துரவா?"

அவர் என்னிடம் யோசனை கேட்டார். "மில்லுக்காரம்மாவக் கூட்டிட்டு வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினேன்.

அந்த அம்மா தலையில் கோதுமை மாவோடு, செருப்புக்கூடப் போடாமல் வந்தார். வந்ததும் கதவு இரண்டையும் அகலத் திறந்தார்.

"ஏன்ப்பா சாத்தி வச்சிருக்கீக? புள்ள வந்தா எப்பிடி உள்ள வருவான்? வீட்டுக்குள்ள பாத்தாச்சா?"

"அவன் வெளிய போனான்க்கா" என்றாள் தாய்.

"போனவன் திரும்பி வந்து ஒளிஞ்சிருக்கலாம்ல? கட்டிலுக்கடி, பரணு, மொட்ட மாடி, தண்ணித் தொட்டி. தொட்டிய மொதல்ல பாரு."

தொட்டி என்ற சொல்லைக் கேட்டதும் அந்தப் பெண் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மில்லுக்காரம்மா தானே பின்பக்கம் போய் மூடியைத் தூக்கி, குப்புறப் படுத்துக் கையை விட்டுத் துழாவினார். முழங்கைக்கு மேல் ஈரம் சொட்ட எழுந்து வந்தார்.

"இல்ல. நீ எந்திரி. நீ இந்த வீட்ட விட்டு நகரக் கூடாது. அவன் வந்தா வீட்டுல ஆளு இருக்கணும். என்ன சட்ட?"

"பச்சைக்கா. பள்ளிக்கூட டவுசரு."

"இந்த வருசம் எடுத்த போட்டோ இருக்கா? இருக்கா, நல்லது. ஏலே அப்பு, நீ அதத் தூக்கிக்கிட்டு நேரா ஸ்டேஷனுக்குப் போ. ஒரு நா பொறுத்துப் பாருங்க, காலைல வாங்கன்னு எவன் சொன்னாலும் எடத்த விட்டு எந்திரிக்காத. புகார எழுதி வாங்குற வரைக்கும் அங்கனயே உக்காரு."

"போலீசுன்னா அசிங்கமா இருக்கும்க்கா" என்றார் தகப்பன்.

"அசிங்கமா? உம்மகன் என்ன களவாண்டுட்டா போனான்? போ."

பிறகு தெருவில் இறங்கினார். பச்சைச் சட்டை, நீல டவுசர், நாலாப்புப் படிக்கிற பையன் என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று கேட்டார். அந்தக் குரலுக்கு வராத வீடு இல்லை. தெருமுனையில் பாதி கட்டிய வீடொன்று இருந்தது. அங்கே கொத்தனார் ஒருவர் கை கால் கழுவிக்கொண்டிருந்தார். "பச்சச் சட்டையா? அந்தப் பய அப்பவே மாடிப்படி ஏறுனானே. வீட்டுக்காரரு மகன்னு நெனச்சேன்" என்றார்.

கைப்பிடிச் சுவர் இல்லாத மாடி அது. மேலே கதவு வைக்காத ஓர் அறையில், சிமெண்ட் மூட்டைகளுக்குப் பின்னால், அழுது களைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். கணக்குப் பரீட்சைத் தாளை வீட்டில் காட்டப் பயம். ஸ்டேஷன் வாசலிலிருந்து திரும்பி வந்த தகப்பன் மகனைப் பார்த்ததும் கையை ஓங்கினார். மில்லுக்காரம்மா அந்தக் கையை எட்டிப் பிடித்தார்.

"இன்னைக்கு அடிச்சீன்னா அடுத்த தடவ இம்புட்டுப் பக்கத்துல ஒளிய மாட்டான்."

திரும்பி வரும்போது என்னிடம் சொன்னார்: "எவன் பாத்திருக்கான்னு நமக்குத் தெரியாதுல்ல சார். அதான் எல்லாருக்கும் சொல்லணும்." என்னைக் குத்திச் சொல்லவில்லை. அவருக்குக் குத்திப் பேசத் தெரியாது. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்படி அவர் போய் நின்ற வீடுகள் பல. சந்தைக் கூட்டத்தில் கை விட்டுப்போன பிள்ளை, பரீட்சையில் தோற்றுவிட்டு ரயிலேறிய பையன் என்று யார் வீட்டில் என்ன நடந்தாலும் ஆள் வந்துவிடும். மில்லை நிறுத்திவிட்டுப் போவார். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தால் போதும், மில்லுக்கு வருகிற தாய்மாரை விரட்டத் தொடங்குவார்.

"புள்ளைக்குப் புதுப் போட்டோ எடுத்தாச்சா?"

"எதுக்குக்கா, பொண்ணு பாக்கவா? அவன் இன்னும் ஒண்ணாப்பே முடிக்கல."

"சிரிக்காத. எடுத்துட்டு வா, அப்பறம் ஒம் மொளகாயப் போடுறேன்."

தெருக்காரர்கள் கேலி பேசுவார்கள். ஆனாலும் எடுத்து வைப்பார்கள். அவர் ஏன் இப்படி ஆனார் என்பது எல்லாருக்கும் தெரியும். அதில் என் பங்கு என்ன என்பதுதான் யாருக்கும் தெரியாது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது அது. அவர்களுக்கு ஒரே மகள், ஜெசி. ஒன்பதாம் வகுப்பு. ஆவணி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை தாய்க்கும் மகளுக்கும் சண்டை. எவனோ ஒரு பையன் சைக்கிளில் இவள் பின்னால் வருகிறான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மில்லுக்காரம்மா தன் வழக்கப்படி மில் வாசலில், அத்தனை பேருக்கும் நடுவில் வைத்துக் கேட்டார். பெண் தலையைக் குனிந்தபடி பையை எடுத்துக்கொண்டு போனாள். சாயங்காலம் வரவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். "சார், ஜெசியக் காணோம். ஸ்கூலுக்கே வரலன்னு சொல்றாக. அவ அப்பா ஆயக்குடிக்கு எந்தங்கச்சி வீட்டுக்குத் தேடிப் போயிருக்காக. நான் போயி தெருவுல கேக்குறேன்."

படியிறங்கப் போனவரை நான்தான் நிறுத்தினேன்.

"சத்தம் போடாதீங்கம்மா. வயசுப் பொண்ணு. ஒரு ராத்திரி வீட்டுல இல்லன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் கட்டுவான்? திரும்பி வந்தாலும் பேச்சு ஓயாது. கேக்குறவங்ககிட்ட ஆயக்குடியில சித்தி வீட்டுக்குப் போயிருக்கான்னு சொல்லுங்க. நாம உள்ளுக்குள்ள தேடுவோம்."

"போலீசுக்குச் சொல்ல வேணாமா சார்?"

"போனா பேப்பர்ல வந்துரும்."

"நீங்க படிச்சவரு. நீங்க சொன்னா சரி" என்றார். அவர் தணிந்த குரலில் பேசி அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன்.

கணவர் கடைசி பஸ்ஸில் திரும்பினார். ஆயக்குடிக்கு அவள் வரவில்லை. ஆனால் மறுநாள் எங்கள் தெருவைப் பொறுத்தவரை ஜெசி ஆயக்குடியில்தான் இருந்தாள். "கொய்யாப்பழம் நல்லாக் காச்சிருக்காம், சித்தி கூப்புட்டா, போயிருக்கா" என்று அந்த அம்மா மெதுவாகச் சொன்னார். பொய் சொல்லியே பழக்கமில்லாதவர் சொன்னதால் எல்லாரும் நம்பினார்கள்.

நானும் கணவரும் இரண்டு நாள் சினிமாத் தியேட்டர் வாசல்களிலும் கோயில் பக்கமும் சும்மா நடப்பவர்களைப் போல நடந்து பார்த்தோம். யாரிடமும் வாய் திறந்து கேட்கவில்லை. புதன்கிழமை அந்த அம்மா மறுபடி வந்தார். "இன்னைக்காச்சும் ஸ்டேஷனுக்குப் போகட்டுமா சார்?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்க" என்றேன்.

வெள்ளிக்கிழமை என்று நான் ஏன் சொன்னேன் என்பதை எழுதத்தான் இதைத் தொடங்கினேன். அந்த வெள்ளிக்கிழமை மதுரையிலிருந்து என் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். அன்றைக்கு அடுத்த வீட்டு வாசலில் போலீஸ் ஜீப் நிற்கக் கூடாது. ஓடிப்போன பெண் என்ற பேச்சு அவர்கள் காதில் விழக் கூடாது. அந்த அம்மாவிடம் நான் சொன்னது அவர் மகளின் மானம். காப்பாற்றியது என் வீட்டுக் காரியம். இதை என் மனைவியிடம்கூட நான் சொல்லவில்லை. எனக்கு நானே வேறு விதமாகச் சொல்லிக்கொண்டேன்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டார்கள், சம்மதம் சொல்லிவிட்டுப் போனார்கள். சனிக்கிழமை காலை, பஸ் ஸ்டாண்டில் சைக்கிள் நிறுத்தம் நடத்தும் எங்கள் தெருக்காரர் கோதுமை அரைக்க மில்லுக்கு வந்தார். நான் என் வாசலில் நின்றிருந்தேன்.

"ஜெசி ஆயக்குடியிலருந்து வந்தாச்சாக்கா? அன்னைக்குப் பழனி பஸ்ல அழுதுக்கிட்டே ஏறுச்சு. எறக்கிக் கேட்டிருக்கணும், பஸ்ஸு எடுத்துட்டான். வந்து ஒங்ககிட்டச் சொல்லலாம்னுதான் இருந்தேன். அப்பறம் சித்தி வீட்டுக்குப் போயிருக்குன்னு சொன்னாங்க. சரி, அம்மாகிட்டத் திட்டு வாங்கிட்டுப் போகுது போலன்னு விட்டுட்டேன்."

ஆயக்குடிக்கும் பழனி பஸ்ஸில்தான் போக வேண்டும். நாங்கள் சொன்ன பொய், பார்த்தவர் வாயை அடைத்துவிட்டது. உண்மையைச் சொல்லியிருந்தால் செவ்வாய்க்கிழமை இரவே அவர் வந்து சொல்லியிருப்பார்.

மில்லுக்காரம்மா போட்ட சத்தத்தில் கணவர் மோட்டாரை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். தெருவே அவர்கள் பின்னால் ஸ்டேஷனுக்குப் போனது. ஏட்டு போட்டோ கேட்டார். வீட்டில் இருந்தது சர்ச்சில் முதல் நற்கருணை, புதுநன்மை, வாங்கியபோது எடுத்த படம் ஒன்றுதான்: வெள்ளைக் கவுன், தலையில் பூமுடி, கையில் மெழுகுவத்தி, ஏழு வயசு. "இத வச்சு எப்பிடிம்மா தேடுறது?" என்றார் ஏட்டு. அவர் குரலில் கோபமில்லை, நிஜமாகவே கேட்டார்.

அன்றைக்கே பழனிக்குப் போய் அடையாளம் சொல்லிக் கேட்டோம். பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் பெண் ஒருத்தி உடனே சொல்லிவிட்டாள். "அந்தப் புள்ளையாங்க? மூணு நாளா இந்த பெஞ்சுலதானுங்க உக்காந்திருந்துச்சு. நான்தான் இட்லி வாங்கிக் குடுத்தேன். நேத்துக் காலைல ஒரு பொம்பள பேசிக் கூட்டிட்டுப் போனா. சொந்தக்காரின்னு நெனச்சுட்டேனுங்க."

நேற்றுக் காலை. எங்கள் வீட்டில் கேசரி கிண்டிக்கொண்டிருந்த நேரம்.

அதற்குப் பிறகு அந்த அம்மா வீட்டில் தங்கிய நாட்கள் குறைவு. பழனி, ஒட்டன்சத்திரம், தாராபுரம், திருப்பூர் என்று பஸ் பஸ்ஸாக ஏறி, நடுவில் நின்று, மகளின் அடையாளத்தைச் சொல்லிக் கேட்பார். பைத்தியம் என்று சிலர் இறங்கச் சொன்னார்கள். கணவர் தனியாக மில்லை ஓட்டினார். தை மாதம் என் மகள் கல்யாணத்துக்குச் சாம்பார்ப் பொடி அந்த மில்லில்தான் அரைபட்டது. அவர் எங்களிடம் கூலி வாங்கவில்லை.

பங்குனியில் தாராபுரம் போகும் பஸ் ஒன்றில், இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு என்று அந்த அம்மா கத்திக்கொண்டிருந்தபோது, தொப்பம்பட்டிப் பக்கத்துப் பெண்மணி ஒருத்தி கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "ஏனுங்க, எம்பொண்ணு திருப்பூருல பனியன் கம்பெனில இருக்குறா. அங்க விடுதியில புருவத்துல தழும்போட ஒரு புள்ள ராத்திரியானா அழுவுதுன்னு சொன்னாளுங்க."

போலீசோடு போய் அழைத்து வந்தார்கள். எலும்பும் தோலுமாக வந்தாள். வலது கை விரல்கள் இரண்டில் ஊசி ஏறிய தழும்பு. அங்கே நடந்தது எதையும் யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவியிடம் மட்டும் ஒன்று சொன்னாள்: "பழனியில பஸ்ஸு வர்றப்பல்லாம் பாத்துக்கிட்டே இருந்தேன் அத்தை. அம்மா கத்திக்கிட்டே எறங்கும்னு நெனச்சேன். வரவே இல்ல. தொலஞ்சது போகட்டும்னு விட்டுட்டாகன்னு நெனச்சுத்தான் அந்தப் பொம்பள கூடப் போனேன்."

சோறு போட்டுக்கொண்டே மனைவி இதை எனக்குச் சொல்லி அழுதாள். நான் சாப்பிட்டு முடித்தேன்.

ஜெசி நர்சிங் படித்துக் கோயம்புத்தூரில் வேலைக்குப் போனாள். கிறிஸ்துமஸுக்கு வருவாள், ஒரு நாள் இருப்பாள், போய்விடுவாள். ஊருக்கெல்லாம் பேசுகிற தாய்க்கு மகளிடம் "சாப்டியா" என்பதற்கு மேல் பேச்சு வராது. மகளை அவர் அதன் பிறகு ஒரு சொல் அதட்டியதில்லை.

பின்தெருப் பையன் கிடைத்த மறுநாள் காலை நான் மில்லுக்குப் போனேன். அவர் தரையில் உட்கார்ந்து மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். கணவர் உள்ளே மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் வேறு யாருமில்லை. வெள்ளிக்கிழமை விஷயத்தைச் சொன்னேன், கேசரி உட்பட. அவர் கிள்ளுவதை நிறுத்தவில்லை.

"இத எங்கிட்டச் சொல்லி என்ன சார் பண்றது?" என்றார். "நீங்க சொன்னத நான் கேட்டேன். பெத்தவ நான்ல, புத்தி எனக்குல்ல இருந்திருக்கணும்? அதுனால ஒங்க பேர அவகிட்ட நான் எடுக்கவே இல்ல. நான் தேடலன்னுதான் இன்னமும் நெனச்சுக்கிட்டு இருக்கா. நான் சொன்னா சாக்குச் சொல்றேம்பா. நீங்க போயி சொல்லுங்க."

"என்னை மன்னிச்சிருங்கம்மா."

"அது அப்பறம் பாத்துக்கலாம் சார். கோயம்புத்தூர் பஸ்ஸு பத்து மணிக்கு இருக்கு." கணவர் பக்கம் திரும்பினார். "ஏங்க, சாருக்கு ஜெசி தங்கியிருக்குற எடத்தச் சொல்லுங்க. பஸ்ஸு எறங்கி எப்பிடிப் போகணும்னும் சொல்லுங்க."

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இரண்டாம் மாடியில் ஜெசியின் அறை. வேலை முடிந்து வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவளும் நின்றபடியே கேட்டாள். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்த மூணு நாளும் அம்மா என்ன பண்ணுச்சு?"

எனக்குத் தெரியும். வியாழக்கிழமை மத்தியானம் காய்ந்த துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். கீழே அவர்கள் கொல்லையில், தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் அந்த அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். சேலை முந்தானையைச் சுருட்டி இரண்டு கையாலும் வாய்க்குள் அடைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்தது தெரிந்தது. சத்தம் வெளியே வரவில்லை. நான் துணிகளை மடித்து எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். அதை அவளிடம் அப்படியே சொன்னேன்.

துண்டைக் கொடியில் போட்டாள். பையை எடுத்துக்கொண்டாள். "நீங்க முன்னால போங்க சார். நான் ரூமப் பூட்டிட்டு வாரேன்" என்றாள்.

ஒரே பஸ்ஸில்தான் வந்தோம். நான் முன்னால், அவள் கடைசிக்கு இரண்டு இருக்கை முன்னால். பழனியில் பஸ் கொஞ்ச நேரம் நின்றது. டீ குடிக்க ஆட்கள் இறங்கினார்கள். அவளும் இறங்கினாளா என்று திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. பஸ் கிளம்பியபோது கண்டக்டர் ஆளை எண்ணிவிட்டு விசில் கொடுத்தார். அவள் பஸ்ஸில்தான் இருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

திண்டுக்கல்லில் அவள் எனக்கு முன்னால் இறங்கி, ஓட்டமும் நடையுமாகப் போனாள். நான் பின்னால் போகவில்லை. அன்றைக்கு அந்த வீட்டில் அவர்கள் மட்டும் இருக்கட்டும் என்று, ராத்திரி வெகுநேரம் பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.